டீ விற்ற காசில் பெரு தேசம்! அம்பத்தூரில் இருந்து போய் வர எவ்வளவு ஆகும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை. காலை ஷிப்டு தொடங்கும் நேரம். சாலை ஓரத்தில் ஒரு சின்ன டீக்கடை. கணவர் டீ ஆற்றுகிறார். மனைவி வடை சுடுகிறார். வேலைக்கு ஆள் கிடையாது.

அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டு இருந்தபோது, என்னிடம் இருந்த ஒரு படத்தை அவர்களிடம் காட்டினேன். மலை உச்சியில் கல்லால் கட்டிய ஓர் ஊர். அதைச் சுற்றி மேகம்.

"இது எந்த ஊரு தம்பி? கொல்லிமலையா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லை, அண்ணே. இது தென் அமெரிக்காவில் உள்ள பெரு தேசம். ஊரின் பெயர் மச்சு பிச்சு. உங்களைப் போலவே டீக்கடை நடத்திய ஒரு கணவனும் மனைவியும் அந்தப் பெரு தேசத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள்" என்றேன்.

அவர் சிரித்தார்.

ஆனால் அடுப்பின் அருகே நின்ற அம்மாள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு ஆச்சாம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி! சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுல எழுதிக் காட்டுங்க, தம்பி" என்றார்.

அன்று அந்தத் தாளில் எழுதிய கணக்குதான் இந்தக் கட்டுரை.

தினம் 300 ரூபாய்

முதலில் அந்தத் தம்பதி யார் என்று பார்ப்போம்.

கேரளத்தில் கொச்சி நகரம். அங்கே ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சிறிய டீக்கடை. அதை நடத்தியவர் கே.ஆர்.விஜயன். அவருடைய மனைவி மோகனா.

இருவருக்கும் ஒரே ஆசை. உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்!

சொத்து இல்லை. பெரிய சம்பளம் இல்லை. இருந்தது ஒரு கடை. அந்தக் கடைக்கு நாள்தோறும் முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். தம்பதி தினமும் 300 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டீ குடிக்க வந்த ஓர் ஆளுக்கு ஒரு ரூபாய்! அவ்வளவுதான்.

செலவைக் குறைக்க, கடைக்கு ஆள் வைக்கவில்லை. எல்லா வேலையையும் இருவருமே செய்தார்கள். சேர்த்த பணம் போதாதபோது கடன் வாங்கினார்கள். பயணம் முடிந்து திரும்பியதும் மறுபடியும் டீ ஆற்றினார்கள். அந்தக் கடனைச் சுமார் மூன்று ஆண்டுகளில் அடைத்தார்கள். அடைத்த பிறகே அடுத்த தேசம்!

2007-ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பயணத்தைத் தொடங்கினார்கள். அதன் பிறகு பெரு, பிரேசில், அர்ஜென்டினா ஆகிய தென் அமெரிக்க நாடுகளையும் பார்த்தார்கள். 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு உதவி செய்தார். ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் பார்த்து வந்தார்கள்.

மொத்தம் 26 நாடுகள்!

கொச்சித் தம்பதியால் முடிந்தது, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள குடும்பங்களால் முடியுமா? பெரு தேசத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

நமக்கு நேர் எதிரே!

உலக உருண்டையைக் கையில் எடுங்கள். சென்னையில் ஒரு விரலை வையுங்கள். அதற்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில் இன்னொரு விரலை வையுங்கள். அந்த விரலுக்கு அருகில்தான் பெரு தேசத்தின் தலைநகர் லிமா இருக்கிறது.

தூரம் 17,000 கிலோ மீட்டருக்கும் அதிகம். அம்பத்தூரில் நண்பகல் 12 மணி என்றால் லிமாவில் நள்ளிரவு தாண்டி 1½ மணி.

அவ்வளவு தொலைவில் இருந்தாலும் தென் அமெரிக்கா நமக்கு அந்நியம் அல்ல. நாம் பொரியல் செய்யும் உருளைக்கிழங்கின் தாயகம் பெருவும் அதை அடுத்த மலை நாடும்தான். பாயசத்தில் போடும் முந்திரி, பிரேசிலில் இருந்து வந்தது. சட்னி அரைக்கும் மணிலாக்கொட்டைக்கும் தென் அமெரிக்காதான் பிறந்த வீடு.

அவை நம் வீட்டுக்கு வந்துவிட்டன. நாம் அங்கே போவதற்குத்தான் கணக்கு வேண்டியிருக்கிறது!

முதல் செலவு

முதல் செலவு பாஸ்போர்ட்.

36 பக்கமுள்ள சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இருவருக்கு 3,000 ரூபாய். மனுவை இணையதளத்தில் போட்டு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அமைந்தகரையில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையம் வசதியானது. பிறகு போலீஸ் விசாரணை உண்டு.

பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் பத்து ஆண்டு செல்லும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணம் போகும்போது பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

அடுத்தது விசா. அதாவது, அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி. நம் நாட்டவர் பெருவுக்குப் போக விசா வேண்டும். புதுடெல்லியில் உள்ள பெரு தூதரகத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற சில நாடுகளின் விசாவை ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு.

விசா மனுவுடன் பேங்குக் கணக்கும் காட்ட வேண்டி இருக்கும். கடைசி வாரத்தில் யாரிடமோ வாங்கிப் போட்ட பணத்தைக் கண்டால் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரும். மாதம் தவறாமல் சேமித்த கணக்கு என்றால் அதுவே ஒரு நற்சாட்சி.

விசா கையில் வருவதற்கு முன், திருப்பித் தர முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். விசா கிடைக்காவிட்டால் டிக்கெட் பணமும் போய்விடும்!

வீடு திரும்பவும் ஊசி!

இது பலருக்குத் தெரியாத விஷயம்.

பெரு தேசத்தின் அமேசான் காட்டுப் பகுதியில் மஞ்சள் காய்ச்சல் என்ற நோய் உண்டு. இது மஞ்சள் காமாலை அல்ல. இது வேறு. கொசுவால் பரவுவது. உயிரையே வாங்கக்கூடியது.

நம் நாட்டில் அந்தக் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு நம் ஊரில் ஏராளம். டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான்! நோயுடன் ஒருவர் வந்து இறங்கினால் போதும். கொசு மீதி வேலையைப் பார்த்துவிடும்.

ஆகவே இந்திய சர்க்கார் கண்டிப்பான விதி வைத்திருக்கிறது. பெரு போன்ற நாடுகளில் இருந்து வருபவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு விட மாட்டார்கள். ஆறு நாள் வரை தனியே தங்க வைத்துவிடுவார்கள்!

சென்னையில் இந்த ஊசியைக் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 1899-ல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. அம்பத்தூரில் இருந்து கோயம்பேடு போய், அங்கிருந்து கிண்டிக்குப் போகலாம். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஊசி போடும் நாளையும் கட்டணத்தையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே கடைசி நாளில் ஓடிப் பயன் இல்லை. ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். 2016-ல் இருந்து இதுதான் சர்வதேச விதி.

கர்ப்பிணிகள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், அறுபது வயது தாண்டியவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பெரிய செலவு எது?

ஆகாய விமான டிக்கெட்!

சென்னையில் இருந்து லிமாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா வழியாகப் போகலாம். அல்லது துபாய், தோகா வழியாக பிரேசிலின் சாவோ பாலோ நகரம் சென்று, அங்கிருந்து போகலாம். எப்படிப் போனாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும்.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். ஆளுக்கு 1,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு 3,20,000 ரூபாய். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும்!

இங்கே இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று: சென்னை முதல் லிமா வரை ஒரே டிக்கெட்டாக வாங்க வேண்டும். விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கினால் ஆபத்து. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் போய்விட்டால், உங்கள் பணம் போனதுதான். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு.

இரண்டு: எந்த நாட்டில் விமானம் மாறுகிறோமோ, அந்த நாட்டு விதியையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்! டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, மீனம்பாக்கத்தில் இருந்து திரும்பி வரக் கூடாது.

தொட்டபெட்டாவை விட உயரம்

லிமா கடற்கரை நகரம். மச்சு பிச்சுவுக்குப் போக அங்கிருந்து குஸ்கோ என்ற மலை நகரத்துக்கு இன்னொரு விமானம் ஏற வேண்டும். சுமார் ஒன்றேகால் மணி நேரம்.

குஸ்கோவின் உயரம் சுமார் 3,400 மீட்டர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான்!

அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துவிடும். கீழே இருந்து சட்டென்று போய் இறங்குபவர்களுக்குத் தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் வரலாம். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது.

இதற்குக் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், அருகில் தாழ்வாக உள்ள பள்ளத்தாக்குக்குப் போய்விடுவது. ஒயந்தாய்தம்போ என்ற ஊர் அங்கே இருக்கிறது. ஒரு நாள் ஓய்வு. நிறையத் தண்ணீர். அவ்வளவுதான். மச்சு பிச்சுவுக்குப் போகும் ரெயிலும் அந்த ஊரில் இருந்தே கிளம்புகிறது.

மச்சு பிச்சு குஸ்கோவை விடத் தாழ்வானது. 2,430 மீட்டர். இன்கா என்ற மக்கள் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகரம் அது. சுண்ணாம்பு பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிய சுவர்கள்! வெளி உலகத்துக்கு அது தெரிய வந்தது 1911-ல்தான். ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்கர் அங்கே சென்று எழுதினார். அக்கம்பக்கத்துக் குடியானவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்!

ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அங்கே கணக்கு உண்டு. சீசன் காலத்தில் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். ஆகவே தேதியை முதலில் பார்த்து, அதற்குத் தக்கபடி மற்றதை அமைப்பதே புத்திசாலித்தனம்.

மலை நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை அதிகம். நம் பள்ளிக்கூட விடுமுறையில் போக நினைப்பவர்களுக்கு மே மாதம் ஏற்றது.

சோறு கிடைக்குமா?

டீக்கடை அம்மாள் கேட்ட அடுத்த கேள்வி இதுதான்.

கிடைக்கும்! பெரு மக்கள் சோறு நிறையச் சாப்பிடுகிறவர்கள். உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் எங்கும் உண்டு. மதிய வேளையில் மெனூ என்ற சாப்பாடு சாதாரண ஓட்டல்களில் மலிவாகக் கிடைக்கும். ஒரு சூப், ஒரு பெரிய தட்டு உணவு, குடிக்க ஒரு பானம்.

அங்கே ஸ்பானிஷ் மொழி பேசுகிறார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் "சின் கார்னே" என்று சொல்லப் பழக வேண்டும். "மாமிசம் இல்லாமல்" என்று பொருள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. காய்ச்சிய தண்ணீர் அல்லது பாட்டில் தண்ணீர்தான்.

நம் ரூபாய் அங்கே செல்லாது. அந்த ஊர்ப் பணத்துக்கு சோல் என்று பெயர். இங்கேயே பேங்கிலோ, ரிசர்வ் பேங்க் அனுமதி பெற்ற கடையிலோ டாலர் வாங்கிக்கொண்டு, அங்கே சோலாக மாற்ற வேண்டும். ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறக் கூடாது.

பயணக் கம்பெனி மூலம் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் தொகைக்கு மேல் வரி என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அதைப் பிறகு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டாதவர்கள் கணக்குக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஆனால் அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்!

காலண்டர் தாளில் கணக்கு

இரண்டு பேர். பெருவில் பத்து நாள். ஆடம்பரம் இல்லை. இது ஓர் உத்தேசக் கணக்கு. போகும்போது விலைகளை விசாரித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட்: ரூ.3,000

விசா, ஊசி, இன்சூரன்ஸ்: ரூ.20,000

சென்னை - லிமா, போக வர விமானம்: ரூ.3,20,000

லிமா - குஸ்கோ, போக வர விமானம்: ரூ.30,000

மச்சு பிச்சு ரெயில், பஸ், நுழைவுச் சீட்டு: ரூ.40,000

தங்குமிடம், நாளுக்கு ரூ.3,500 வீதம்: ரூ.35,000

சாப்பாடு, ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ.1,200 வீதம்: ரூ.24,000

உள்ளூர்ப் போக்குவரத்து: ரூ.10,000

கம்பளி உடை, பெட்டி: ரூ.10,000

கூட்டினால் ரூ.4,92,000.

இதோடு முடிந்ததா? இல்லை. ஆபத்துக்கு என்று சுமார் பத்தில் ஒரு பங்கு, ரூ.48,000 தனியாக இருக்க வேண்டும். உடம்பு சரியில்லை, விமானம் ரத்து, பை திருட்டு... எது வேண்டுமானாலும் நடக்கலாம். இந்தப் பணத்தைத் தொடாமல் திரும்பினால் சந்தோஷம். இது இல்லாமல் கிளம்பினால் சங்கடம்!

ஆக மொத்தம் ரூ.5,40,000.

கடைக்காரர் தாளை எட்டிப் பார்த்தார். "அஞ்சு லட்சத்து நாப்பதாயிரமா! ஆளை விடுங்க தம்பி" என்றார்.

நான் தாளில் இன்னொரு வரி எழுதினேன். ரூ.5,40,000-ஐ 300-ஆல் வகுத்தேன்.

விடை 1,800.

அதாவது, கொச்சித் தம்பதியைப் போல் தினம் 300 ரூபாய் எடுத்து வைத்தால் 1,800 நாள். ஐந்து ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு!

குடும்பத்துக்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டம்

ஐந்தாண்டுத் திட்டம் என்றால் நம் பக்கத்துக்குப் புதிது அல்ல.

1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. "சோஷலிச பாணி சமுதாயம்" என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. மறு ஆண்டே நாட்டின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. சர்க்காரின் ஐந்தாண்டுத் திட்டங்கள் 2017-ல் முடிந்துவிட்டன. ஆனால் குடும்பத்தில் அந்த முறை இன்றைக்கும் உதவும்!

தபால் ஆபீசில் தொடர் சேமிப்புக் கணக்கு உண்டு. அதற்குக் காலமும் ஐந்தே ஆண்டு. அறுபது மாதம். மாதம் 9,000 ரூபாய் கட்டினால் அறுபது மாதத்தில் கட்டிய பணம் மட்டும் 5,40,000 ரூபாய். வட்டி தனி. ஐந்து ஆண்டில் டிக்கெட் விலையும் ஏறியிருக்கும் அல்லவா? அதில் ஒரு பகுதியை அந்த வட்டி தாங்கும். ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைத் திருத்திப் பார்க்க வேண்டும்.

மாதம் 9,000 ரூபாய் எல்லோராலும் முடியுமா? முடியாது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் முடியலாம். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் பாதிதான் முடியும் என்றால், ஐந்து ஆண்டு பத்து ஆண்டாகும். அதில் வெட்கம் இல்லை.

வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியச் செலவு, இவற்றில் கை வைத்துச் சேர்க்கும் பணம் சேமிப்பு ஆகாது.

கடன் வாங்கிப் போகலாமா?

விஜயன் தம்பதி கடன் வாங்கித்தானே போனார்கள் என்று கேட்கலாம்.

உண்மை. ஆனால் அந்தக் கடனுக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. தினமும் கல்லாவில் பணம் விழுந்தது. ஒரு கடன் அடையாமல் அடுத்த பயணம் இல்லை என்ற கட்டுப்பாடும் இருந்தது.

கடனுக்கும் ஒரு கணக்குப் பார்ப்போம். 2 லட்சம் ரூபாய் கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 14 வட்டி. மூன்று ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 6,835 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் சுமார் 46,000 ரூபாய்!

நாம் ஆபத்துக்கு என்று ஒதுக்கிய தொகை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பணம் பேங்குக்குப் போய்விடுகிறது.

வேலை நிரந்தரம் இல்லாதவர்கள், ஏற்கனவே சீட்டுக் கடனோ நகைக் கடனோ உள்ளவர்கள், பயணத்துக்காகக் கடன் வாங்கக் கூடாது. பெருவின் மலை எங்கும் ஓடிவிடாது. தவணை தவறினால் நிம்மதி ஓடிவிடும்!

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

2021 அக்டோபரில் விஜயனும் மோகனாவும் ரஷியாவுக்குப் போனார்கள். அதுதான் 26-வது நாடு. திரும்பி வந்தார்கள். கடையைத் திறந்தார்கள். மறு மாதம், நவம்பரில், விஜயன் மாரடைப்பால் காலமானார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளி வைத்திருந்தால் அவர் எந்த நாட்டையும் பார்த்திருக்க மாட்டார். கணக்குப் பார்க்காமல் ஓடியிருந்தால் கடை இருந்திருக்காது. இரண்டு தவறையும் அவர் செய்யவில்லை.

அம்மாள் போட்ட கணக்கு

அம்பத்தூர்க் கடைக்கு மறுபடியும் வருவோம்.

கடைக்காரர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். "பொண்ணு காலேஜில படிக்குது. இப்பப் போய் பெருவாம், கருவாம்!" என்றார்.

அம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு அருகில் வந்தார். என் கையில் இருந்த பேனாவை வாங்கினார்.

"ஏங்க, அவ படிப்பு முடிய இன்னும் மூணு வருஷம். அதுவரைக்கும் தினம் நூறு ரூபா எடுத்து வைப்போம். அது எவ்வளவு ஆகும், தம்பி?"

"1,09,500 ரூபாய், அக்கா."

"படிப்பு முடிஞ்சா பீஸ் கட்ட வேண்டாம். அப்புறம் மூணு வருஷம் தினம் நானூறு?"

"4,38,000 ரூபாய்."

"ரெண்டையும் கூட்டுங்க."

கூட்டினேன். 5,47,500 ரூபாய்!

நாங்கள் போட்ட தொகைக்கு மேலேயே 7,500 ரூபாய் அதிகம். ஆறு ஆண்டு. கடன் இல்லை. மகளின் படிப்புக்கும் குந்தகம் இல்லை.

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. தாளை வாங்கி ஒரு முறை தாமே கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"அப்ப பாஸ்போர்ட்டை இப்ப எடுக்க வேணாம். அஞ்சாவது வருஷம் எடுத்தாப் போதும். இப்ப எடுத்தா வீணா பாதி வருஷம் போயிடும்" என்றார் அம்மாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை!

"நடுவுல யாருக்காவது உடம்புக்கு வந்து அந்தப் பணத்தை எடுக்க வேண்டி வந்தா?" என்று கேட்டார் கணவர்.

"எடுப்போம். பணம் இருந்தாத்தானே எடுக்கலாம்? பெருவுக்குப் போகாட்டியும் பணம் நம்மகிட்டதானே இருக்கும்" என்றார் அம்மாள்.

டீக்குக் காசு கொடுத்தேன். மீதிச் சில்லறை வந்தது. ஷிப்டு சங்கு ஊதியது. கடையில் கூட்டம் கலைந்தது.

அலமாரியில் ஒரு காலி காபித்தூள் டப்பா இருந்தது. அம்மாள் அதைத் துடைத்தார். காலண்டர் தாளை நான்காக மடித்து உள்ளே போட்டார். பிறகு கல்லாவைத் திறந்து, ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து, அதன் மேல் வைத்து மூடினார்.

இன்னும் 2,190 நாள் இருக்கிறது!